பேதுரு சரியான பதில் சொன்ன ஊர்

எருசலேம் பயணம் போய்வந்தவர்களிடம் எந்த இடம் பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். கல்லறைத் தோட்டம் என்பார்கள், கலிலேயாக் கடலில் படகு என்பார்கள், இயேசு கல்யாணத்துக்குப் போன கானாவூரில் இந்த வயதில் மறுபடி மோதிரம் மாற்றிக்கொண்டதைச் சொல்லி வெட்கப்படுவார்கள். பனியாஸ் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பயணத் திட்டத்திலும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் "நேரம் இருந்தால்" என்றுதான் போட்டிருந்தார்கள். 2019 பிப்ரவரியில் நானும் அம்மாவும் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு குழுவோடு போயிருந்தோம். அன்று காற்று பலமாக இருந்ததால் படகு விடவில்லை, அதனால் நேரம் இருந்தது.

திபேரியாவிலிருந்து வடக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். போகப் போக மேடு. கலிலேயாக் கடல் கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, இந்த ஊரோ கோலான் பகுதியில் எர்மோன் மலையின் அடிவாரத்தில், மேலே இருக்கிறது. இவ்வளவு தூரத்தையும் இயேசுவும் சீஷர்களும் நடந்தே வந்திருப்பார்கள் என்பது பஸ்ஸில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சட்டென்று உறைக்காது. ஜன்னலுக்கு வெளியே எர்மோன் வெள்ளையாகத் தெரிந்தது. 2,814 மீட்டர் உயரம், பிப்ரவரியில் உச்சியெல்லாம் பனி.

"எய்யா, பனி கெடக்கதாலதான் பனியாஸ்னு பேரா?" என்று அம்மா கேட்டாள்.

அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அது பான் என்ற கிரேக்க தெய்வத்தின் பெயர். பாதி ஆடு, பாதி மனிதன், கையில் குழல். அந்த தெய்வத்தின் குகை இருந்ததால் ஊர் பானியாஸ் ஆயிற்று, அரபியில் நம் 'பம்பர'த்தின் முதல் 'ப' கிடையாது, இரண்டாவது 'ப' மட்டும்தான், அதனால் அவர்கள் வாயில் அது மாறி இன்றைய பெயர் நின்றுவிட்டது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து, நமக்கு வித்தியாசமே தெரியாது. வேதாகமத்தில் இதற்குப் பெயர் பிலிப்புச் செசரியா. மகா ஏரோதின் மகன் பிலிப்பு இதைத் தன் தலைநகராக்கி, ரோமப் பேரரசனான ராயனுக்கு மரியாதையாகச் செசரியா என்று பெயரிட்டான். கடற்கரையில் ஏற்கெனவே ஒரு செசரியா இருந்ததால் இது பிலிப்புவின் செசரியா.

உள்ளே போனால் எதிரே செங்குத்தான பாறைச் சுவர். நடுவில் வாய் பிளந்த மாதிரி பெரிய குகை. அதற்கு வலப்பக்கம் பாறையிலேயே குடைந்த மாடங்கள், நம் ஊரில் விளக்கு வைக்கிற மாடக்குழியைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படியோ அப்படி, சிலவற்றின் மேல்பகுதி சிப்பி வடிவத்தில், கீழே கிரேக்க எழுத்துகள். சிலைகள் போய்விட்டன, மாடங்கள் மட்டும் காலியாக இருக்கின்றன. ஊற்று குகைக்குள்ளிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். ஒரு காலத்தில் அப்படித்தான் வந்திருக்கிறது, பூகம்பத்தில் பாறை இடம் மாறி இப்போது குகை காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் அதற்குக் கீழே கற்களுக்கு இடையில் கசிந்து, கொஞ்சம் தள்ளி ஓடையாகவே ஓட ஆரம்பித்துவிடுகிறது. யோர்தானுக்குத் தலைத்தண்ணீர் தருகிறவற்றில் இதுவும் ஒன்று. கையை விட்டுப் பார்த்தேன், விரல் மரத்துப்போனது.

அந்தக் குகைக்குள் எவ்வளவு நீளக் கயிற்றை இறக்கினாலும் அடி தட்டாது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். "பாதாளத்தின் வாசல்கள்" சபையை மேற்கொள்வதில்லை என்று இயேசு சொன்னது இதைப் பார்த்துத்தான் என்று கைடு அடித்துச் சொன்னார். எனக்கு அந்த அளவுக்கு நிச்சயம் இல்லை. மத்தேயு "பிலிப்புச் செசரியாவின் திசைகளில்" என்கிறார், மாற்கு அதைச் சேர்ந்த கிராமங்களுக்குப் போகிற வழியில் என்கிறார், குகை வாசலில் நின்றதாக யாருமே எழுதவில்லை. ஆனால் பக்கத்தில்தான் எங்கோ. அது போதும்.

இங்கே இன்னொரு சங்கதி உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. இந்த ஊற்றுக்குப் பக்கத்தில் ஏரோது வெள்ளைப் பளிங்கில் அகுஸ்துராயனுக்கு ஒரு கோயில் கட்டினான், ராயன் உயிரோடு இருக்கும்போதே. பிலிப்பு அடித்த காசுகளில் ஒரு பக்கம் ராயனின் தலை, மறுபக்கம் கோயில். அகுஸ்து கி.பி. 14இல் செத்ததும் ரோமர்கள் முறைப்படி அவனைத் தெய்வமாக்கினார்கள், அடுத்து வந்த திபேரியுவின் வெள்ளிப் பணத்தில் 'தெய்வமாகிய அகுஸ்துவின் குமாரன்' என்றே பொறித்தார்கள். அதாவது 'தேவகுமாரன்' என்பது அந்த நாளில் மடியில் முடிந்து வைத்திருந்த காசிலேயே இருந்த பட்டம். அந்த ஊர்ப் பக்கம் வந்து நின்று, தச்சன் மகன் என்று ஊரார் சொன்ன ஒருவர், என்னை ஜனங்கள் யார் என்று சொல்லுகிறார்கள் என்று கேட்கிறார். யோவான்ஸ்நானன், எலியா, எரேமியா என்று ஆளுக்கொரு தீர்க்கதரிசியைச் சொல்கிறார்கள். சரி, "நீங்கள் என்னை யார் என்று சொல்லுகிறீர்கள்?" அதற்குச் சீஷர்களில் ஒருவரான பேதுரு, "நீர் ஜீவனுள்ள தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து." நூறு தரம் கேட்ட வசனம்தான். 'ஜீவனுள்ள' என்ற வார்த்தை அங்கே நின்று கேட்டபோதுதான் காதில் தனியாக விழுந்தது. தெய்வமாக்கப்பட்ட செத்த ராயன் ஒரு பக்கம், குகையில் பான் தெய்வம் இன்னொரு பக்கம்.

எங்களோடு வந்த ஐயர் (எங்கள் பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) அந்தப் பகுதியை வாசித்துவிட்டு, எல்லாரும் ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்கள், அவர் உங்களுக்கு யார் என்று கேட்டார். இப்படிக் கேட்டால் என்ன வரும் என்று தெரியும். என் மேய்ப்பர், என் நேசர், என் பரிகாரி. நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து வந்த ஒரு அக்கா ஒன்றும் சொல்லாமல் அழுதுவிட்டார். என் முறை வந்தபோது வாயில் தானாக வந்தது, "ஜோதியில் ஜோதியானவர், மெய்த்தேவனில் மெய்த்தேவனானவர்." நாலு பேர் ஆமென் சொன்னார்கள். எனக்கு உள்ளே சுருக்கென்றது. நற்கருணை ஆராதனையில் ஏழு வயதிலிருந்து சொல்லிவருகிற நிசேயா விசுவாசப் பிரமாணம் அது, வாய்ப்பாடு மாதிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 'ஜோதியில் ஜோதி' என்றால் என்னடா என்று யாராவது கேட்டிருந்தால் அங்கேயே முழித்திருப்பேன்.

"டீச்சரம்மா, நீங்க?" என்று ஐயர் அம்மாவைக் கேட்டார்.

"பேதுரு சொன்னதுக்கு மேல நான் என்னத்த ஐயா சொல்ல? கல்லு குளுருது, என்னைத் தூக்கி விடுங்க."

எல்லாரும் சிரித்தோம், கூட்டம் கலைந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்பும்போது மாடத்துக்கு மேலே ஒரு பாறை இடுக்கிலிருந்து முயலும் இல்லாமல் பெருச்சாளியும் இல்லாமல் ஒரு உருண்டைப் பிராணி எட்டிப் பார்த்தது. காது சின்னது, வால் இல்லை. இரண்டு, மூன்று, அப்புறம் பார்த்தால் பாறை முழுக்க வெயில் காய்ந்துகொண்டிருந்தன. குழிமுசல் என்று கைடு சொன்னதும் அம்மாவுக்கு முட்டிவலி மறந்துவிட்டது. "நீதிமொழிகள்ல வருமே, கன்மலையில வீடு தோண்டி வச்சிக்கிடும்னு!" பேதுரு என்றாலும் கல்தானே, இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன் என்றவர் இதையும் பார்த்திருப்பாரோ என்னவோ. குகைக்கு மேலே மலைச்சரிவில் ஒரு வெள்ளைக் கும்பம் தெரிந்தது, நபி கதிர் என்பவரின் நினைவிடம், ட்ரூஸ் என்ற தனிச் சமயத்து மக்கள் போய் வணங்குவார்களாம். இந்தப் பகுதியில் அவரை எலியாவோடு சேர்த்து நினைக்கிற வழக்கம் உண்டு. "சிலர் எலியா என்றும்" என்று சீஷர்கள் சொன்ன ஊருக்கு மேலே இன்னும் எலியாவின் நினைவு உட்கார்ந்திருக்கிறது.

வாசல் பக்கம் ட்ரூஸ் பெண் ஒருத்தி கவிழ்த்த சட்டி மாதிரியான அடுப்பில் மெல்லிசாக ரொட்டி சுட்டு, உள்ளே புளித்த கெட்டித் தயிரைத் தடவிச் சுருட்டிக் கொடுத்தாள். அதைப் பிய்த்துத் தின்றுகொண்டே பஸ்ஸில் அம்மா ஆரம்பித்தாள். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நடத்தியவள்.

"பேதுருவைப் பத்தி எல்லாரும் பாதியோட நிறுத்திடுதீங்க. மனப்பாடப் பகுதியில முழு மார்க். அடுத்தாப்புல விளக்கம் எழுதச் சொன்னா சைபர்."

உண்மைதான். நீ பாக்கியவான் என்று கேட்ட அதே ஆள் ஆறு வசனம் தள்ளி, "எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே" என்று கேட்கிறார். கிறிஸ்து, அதாவது மேசியா என்ற வார்த்தை சரி. அபிஷேகம் பண்ணப்பட்டவர், தாவீதின் வம்சத்து ராஜா. ஆனால் பேதுருவின் மனதில் இருந்த ராஜா பாடுபடுகிற ராஜா இல்லை. எருசலேமுக்குப் போய்க் கொலைசெய்யப்படுவேன் என்றதும் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். தாம் கிறிஸ்து என்று ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்று இயேசு ஏன் கட்டளையிட்டார் என்பது எனக்கு அந்த பஸ்ஸில் கொஞ்சம் புரிந்தது. அந்த வார்த்தையைக் கேட்டவுடன் ஆளாளுக்கு ஒரு வாள் ஞாபகம் வந்திருக்கும்.

பேதுருவோடு முடிகிற கதையும் இல்லை இது. கி.பி. 325இல் கான்ஸ்தந்தீன் ராயன் நிசேயாவில், இன்றைய துருக்கியின் இஸ்னிக்கில், ஆயர்களைக் கூட்டினான். 2025இல் அதற்கு 1,700 வருஷம் ஆனது, இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். அந்தக் கூட்டத்துக்குக் காரணமான பிரச்சினையை எழுப்பிய ஆரியஸ் என்ற குருவானவர், இயேசு தேவகுமாரன் இல்லை என்று சொன்னவர் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. குமாரன் என்று அவரும் சொன்னார். ஆனால் அந்தக் குமாரன் படைப்புகளுக்கெல்லாம் மேலான ஒரு படைப்பு, அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்றார். வார்த்தை ஒன்று, உள்ளே வைத்திருந்தது வேறு. அதனால்தான் "சிருஷ்டிக்கப்படாமல் ஜெநிப்பிக்கப்பட்டவர், பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்று அந்தப் பிரமாணத்தில் கட்டி எழுத வேண்டியதாயிற்று. அந்த 'ஒரே தன்மை'க்கான கிரேக்கச் சொல் வேதத்தில் இல்லை, அதனால் நிறையப் பேர் தயங்கினார்கள். கடற்கரைச் செசரியாவின் ஆயர் யூசேபியஸும் தயங்கிக் கையெழுத்துப் போட்டவர்தான். ஏன் போட்டேன் என்று தன் சபைக்குக் கடிதம் எழுதி விளக்கியிருக்கிறார்.

இந்த யூசேபியஸ் பனியாஸுக்கும் வந்திருக்கிறார். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் கஷ்டப்பட்டு, இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமான ஸ்திரீயின் ஊர் இதுதான் என்று அப்போது சொல்வார்களாம். ஒரு வீட்டு வாசலில் வெண்கலத்தில் ஒரு பெண் முழங்காலிட்டுக் கை நீட்ட, எதிரே ஒருவர் அங்கி போட்டு நின்று அவளிடம் கை நீட்டுகிற சிலை, இயேசுவின் சாயல் என்று ஊரார் சொன்னதாகவும் தானே கண்ணால் பார்த்ததாகவும் எழுதிவைத்தார். அது ஏதோ ஒரு ராயனின் சிலையாக இருக்கலாம் என்று இப்போது சில அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆக அந்த ஊரில் ஒரு சிலையைக் காட்டி இவர் யார் என்று கேட்டால் அதற்கும் ஆளுக்கொரு பதில்.

ஊருக்கு வந்து அடுத்த மாதம் முதல் ஞாயிறு நற்கருணை. எல்லாரும் எழுந்து பிரமாணம் சொல்ல ஆரம்பித்தோம். நான் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைக்கப் பார்த்தேன், சபை வழக்கம்போல வேகமாகப் போனது. அவர்கள் "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்பதற்குப் போய்விட்டார்கள், நான் இன்னும் "மெய்த்தேவனில்" நின்றுகொண்டிருந்தேன், என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அம்மா திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.