கோழி நொண்டினால் உடனே கட்டுப் போடாதீர்கள்

கோழி நொண்டுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, பாதத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா என்பதுதான். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்குள் கையில் கிடைத்த களிம்பைத் தடவி, கால் முழுக்கக் கட்டும் போட்டிருப்பார்கள். எங்கே வலி, எதனால் வலி என்று கண்டுபிடிப்பதுதான் இதில் பாதி வேலை, மருந்தெல்லாம் அப்புறம். உள்ளங்காலில் முள் குத்தினாலும் கோழி நொண்டும், எலும்பு முறிந்தாலும் நொண்டும், முட்டை உள்ளே சிக்கிக்கொண்டாலும் நொண்டும். மூன்றுக்கும் ஒரே கட்டு எப்படி உதவும்?

அடிபட்ட கோழியைப் பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள், இருக்கிற அடி இன்னும் மோசமாகும். இருட்டி, கோழிகள் அடைந்த பிறகு போய் இரண்டு கையாலும் தூக்கினால் சத்தமில்லாமல் வந்துவிடும். ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மார்பை இறுக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே செத்துப்போகும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வேண்டாம், அதுவும் கால் வலியோடு இருக்கிற கோழியை.

முதலில் நல்ல காலைத் தடவிப் பாருங்கள். அதன் சூடும் பருமனும் கைக்குப் பழகினால்தான் அடுத்த காலில் என்ன மாற்றம் என்று தெரியும். உள்ளங்கால், விரல் இடுக்கு, நகம், கணுக்கால் மூட்டு, தொடை என்று கீழிருந்து மேலே போகலாம். விரல் இடுக்கை அவசரமில்லாமல் பாருங்கள், நூலோ தலைமுடியோ விரலைச் சுற்றி இறுகியிருந்தால் வீக்கத்துக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது, அப்படியே விட்டால் அந்த விரல் கருத்து விழுந்துவிடும். சிறிய கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்துவிட்டால் பல சமயம் அதோடு பிரச்சினை முடிந்தது. இன்னொன்று, தொடையில் தோல் பச்சையாக இருந்தால் அழுகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். கோழிக்கு உள்காயம் ஆறும்போது ஒன்றிரண்டு நாளில் பச்சையாகத்தான் மாறும், நமக்கு ஊதாவும் மஞ்சளும் வருகிற மாதிரி. அழுகல் என்றால் நாற்றம் இருக்கும், தோல் கருத்துக் குளிர்ந்து போயிருக்கும்.

நகம் உடைந்து ரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தாலே போதும். சேவலின் கால்முள் உடைந்தாலும் இதேதான், உள்ளே ரத்த ஓட்டமுள்ள எலும்பு இருப்பதால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அவ்வளவுதான். ரத்தம் முழுக்க நிற்கும்வரை கூட்டத்தோடு விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தும், கொத்த ஆரம்பித்தால் நிறுத்தாது.

இனி பம்பிள்ஃபுட், அதாவது உள்ளங்காலில் வருகிற சீழ்க்கட்டி. பெரிய கோழிகளின் நொண்டலில் அடிக்கடி பார்ப்பது இதுதான், அதிகம் சொதப்புவதும் இதில்தான். உள்ளங்காலில் சின்னக் கீறல் விழுகிறது, அதன் வழியாக ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமி உள்ளே போகிறது, பாதம் வீங்கி நடுவில் ஒரு கறுத்த பொருக்கு உட்காருகிறது. இணையத்தில் தேடினால் சமையலறை மேசையில் கோழியைப் படுக்கவைத்து, பிளேடால் அந்தப் பொருக்கைத் தோண்டி எடுக்கிற வீடியோக்கள் வரிசையாக வரும். எனக்கு அதில் சம்மதமே இல்லை. மரத்துப்போக ஊசி போடாமல் உயிருள்ள பாதத்தை அறுப்பது கொடுமை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கோழியின் சீழ் நம் சீழ் மாதிரி நீராக ஓடாது, கெட்டியான கட்டியாகவே உள்ளே இருக்கும். பிதுக்கினால் வெளியே வராது, கிருமி இன்னும் ஆழமாகத் தசைநாருக்கும் எலும்புக்கும் போகத்தான் வழி செய்கிறோம்.

வீக்கம் அதிகமில்லை, கோழி காலை ஊன்றுகிறது என்றால் வீட்டில் பார்க்கலாம். வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பைக் கரைத்துப் பாதத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவையுங்கள். பொருக்கு இளகி, தானே கழன்றால் எடுங்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். வெளிர் பழுப்பு நிறத்துக்கு நீர் கலந்து எடுத்த போவிடோன் அயோடினால் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மேலே மெத்தென்ற துணி வைத்து, தனக்குத்தானே ஒட்டிக்கொள்கிற பட்டையால் விரல் இடுக்குகள் வழியாகச் சுற்றுங்கள். கட்டு நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே மாற்ற வேண்டும், இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை. கட்டு முடிந்ததும் விரல்களைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்தோ வீங்கியோ இருந்தால் இறுகிவிட்டது, அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இந்தக் கிருமி மனிதர் கையில் இருக்கிற கீறலிலும் குடியேறும். பாதம் முழுக்க உருண்டையாக வீங்கிவிட்டது, சூடாக இருக்கிறது, வீக்கம் மேலே ஏறுகிறது என்றால் ஊறவைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம் அது.

களிம்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வலி மரத்துப்போகச் சேர்க்கிற லிடோகெயின், பென்சோகெயின் மாதிரி ‘கெயின்’ என்று முடிகிற மருந்து எதுவும் அதில் இருக்கக் கூடாது. பறவைகள் இவற்றை நம் அளவுக்குத் தாங்காது.

சுளுக்குக்கு மருந்து ஓய்வுதான். சின்னக் கூண்டில், பறக்கவோ தாவவோ இடமில்லாமல், குறைந்தது ஒரு வாரம். கோழிக்குப் பிடிக்காது, கத்தும், பரவாயில்லை. எலும்பு முறிவு வேறு கதை. கால் இயல்பில்லாத கோணத்தில் தொங்கினால், தொட்டால் நறநறவென்றால் முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். செதில் மூடிய கீழ்க்காலில் முறிந்து, தோலும் கிழியாமல் இருந்தால், பஞ்சு சுற்றி, இரண்டு பக்கமும் சிம்பு வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி கட்டினால் சுமார் 3 வாரத்தில் கூடிவிட வாய்ப்புண்டு. தொடை எலும்பு முறிந்தால் சிம்பு நிற்காது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் வீட்டு வைத்தியமே கிடையாது. மருத்துவர் பார்த்துவிட்டு இது தேறாது, வேதனைதான் மிச்சம் என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

குஞ்சுகளில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம், சீக்கிரம் பார்த்தால். வழுக்குகிற செய்தித்தாள் மேல் விட்ட குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும். பிளாஸ்திரியை நீளவாக்கில் மெல்லிசாக நறுக்கி, இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் இணைத்துவிட்டால் சில நாளில் நிமிர்ந்துவிடும், பொரித்து ஒரு வாரம் தாண்டினால் கஷ்டம். தரையில் சொரசொரப்பான துணியைப் போடுங்கள். விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு குஞ்சு கணுக்காலில் நடந்தால் ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின் குறைவாக இருக்கலாம், தீவனத்தைப் பாருங்கள். கணுக்கால் மூட்டு வீங்கித் தட்டையாகி, கால் திருகிக்கொண்டால் தசைநார் இடம் நழுவியிருக்கிறது, மாங்கனீசு குறைவு இதற்கு ஒரு காரணம், இதை முதல் ஓரிரு நாளில் கவனித்தால்தான் உண்டு.

அடியே படாமல் நொண்டுவதும் உண்டு. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டி இளங்கோழி படுத்துவிட்டால் மாரெக்ஸ் நோயாக இருக்கலாம், அது ஹெர்பிஸ் வகை வைரஸ், மருந்து கிடையாது, பொரித்த அன்றே போடுகிற தடுப்பூசிதான் வழி. முட்டையிடுகிற கோழி வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து தத்தித் தத்தி நடந்தால் காலை விட்டுவிட்டு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், முட்டை சிக்கியிருக்கலாம். கால் செதில் தூக்கிக்கொண்டு, மேலே வெள்ளையாகப் பொருக்கு படிந்திருந்தால் அது உண்ணி போன்ற நுண்பூச்சியின் வேலை. செதிலைப் பிடுங்காமல், சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியைத் தடித்துத் தடவினால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். ஒருமுறை போதாது, சில வாரம் தொடர வேண்டும், மற்ற கோழிகளுக்கும் சேர்த்து.

நோயாளியைத் தனியாக வைக்கும்போது மற்ற கோழிகள் கண்ணில் படுகிற இடமாக வையுங்கள். முழுக்கப் பிரித்துவிட்டால் திரும்பிச் சேர்க்கும்போது அந்நியனைக் கொத்துகிற மாதிரி கொத்தும். தண்ணீரும் தீவனமும் எழுந்திருக்காமலே எட்ட வேண்டும், படுக்கை தினமும் மாற வேண்டும், ஈரத்தில் படுத்தே கிடந்தால் மார்பில் புண் வரும். மருத்துவர் வலி மருந்தோ ஆன்டிபயாடிக்கோ கொடுத்தால் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கூட்டுக்குள் போய் அடைகிற கம்பைப் பாருங்கள். கனமான கோழி உயரத்திலிருந்து கெட்டித் தரையில் குதிக்கிறதா? கம்பில் சிராய் நிற்கிறதா? விளிம்பு கூராக இருக்கிறதா? சுமார் 5 சென்டிமீட்டர் அகலம், மழுங்கிய விளிம்பு, கனமான கோழிக்கு அரை மீட்டர் உயரம், கீழே தடிமனாகக் காய்ந்த வைக்கோலோ மரத்தூளோ இருந்தால் நல்லது. இதை மாற்றாமல் பாதத்தை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் இன்னொரு கோழி நொண்டும்.