ஒற்றியூர் வரிசையில் ஒரு தர்பார் வர்ணம்

திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவான சுயம்பு. வருஷம் முழுக்க அவர் மேல் கவசம்தான் இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அதை எடுத்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துகிறார்கள். அந்தத் தரிசனத்துக்குத்தான் போயிருந்தேன். தேரடி மெட்ரோவில் இறங்கி நடந்தால், சந்நிதித் தெரு முனையிலேயே கூட்டம் தெரிந்தது.

வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு பாட்டியும் பேத்தியும். அந்தப் பெண் உதட்டுக்குள் ஏதோ ஸ்வரம் முணுமுணுத்தபடி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன வர்ணம்மா?”

“தர்பார் ராகம், மாமி. ‘சலமேல’ வர்ணம். போன வாரம்தான் பாடம் ஆச்சு.”

“யார் பண்ணினது, தெரியுமா?”

தெரியவில்லை. வர்ணம் என்றால் கச்சேரியில் முதலில் பாடும் உருப்படி. நோட்டில் ராகமும் தாளமும் எழுதியிருக்கிறாள், இயற்றியவர் பெயர் எழுதவில்லை. திருவொற்றியூர் தியாகய்யர் என்று சொன்னதும் பாட்டிதான் முதலில் திரும்பிப் பார்த்தார். “இந்த ஊரா?” இந்த ஊரேதான். உள்ளே இருக்கும் பெருமானுக்கும் தியாகராஜர் என்றே பெயர். தியாகய்யரின் அப்பா வீணை குப்பய்யருக்குக் குருவும் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள். அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தியாகராஜ சுவாமிகள் இங்கே வந்து வடிவுடையம்மன் மேல் ஐந்து கிருதிகள் பாடியது எல்லோருக்கும் தெரியும். சுத்தசாவேரியில் ‘தாரினி தெலுசுகொண்டி’யைச் சபாக்களில் எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. ஆனால் இந்த ஊர்க்காரரான குப்பய்யரை (1798–1860) யார் நினைக்கிறோம்? பாட்டு, வீணை இரண்டிலும் பெரிய வித்வான். பேகடாவில் ‘இந்த சலமு’, நாராயணகௌளையில் ‘மகுவ நின்னே’ எல்லாம் அவருடையவைதான். அதிகம் பாடப்படாத நாராயணகௌளை எப்படி நடக்கும், எங்கே வளையும், எந்த இடத்தில் நிற்கும் என்று தெரிய வேண்டுமானால் அந்த அடதாள வர்ணத்தைக் கற்றாலே போதும். மகன் தியாகய்யர் (1845–1917) 1900-ல் ‘பல்லவி ஸ்வரகல்பவல்லி’யை ஸ்வரக் குறிப்போடு அச்சில் கொண்டுவந்தார். குரு வாயால் சொல்லச் சீடர் கேட்டுப் படித்த காலத்தில், அடுத்த தலைமுறையை நினைத்துச் செய்த வேலை அது.

இதே சுற்றுவட்டாரத்தில் இன்னொரு வீட்டுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். பக்கத்து மணலி இன்று எண்ணெய்த் தொழிற்சாலைகளால் பெயர் பெற்ற ஊர். திருவாரூரிலிருந்து ராமசுவாமி தீட்சிதரை (1735–1817) குடும்பத்தோடு அங்கே வரவழைத்து ஆதரித்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். முத்துசுவாமி தீட்சிதருக்கு அப்பா என்ற அளவோடு ராமசுவாமி தீட்சிதரை நிறுத்திவிடுகிறோம். ஹம்சத்வனியை உண்டாக்கியவர் அவர்! மத்யமமும் தைவதமும் இல்லாமல் ஐந்தே ஸ்வரங்கள். மகன் அதில் ‘வாதாபி கணபதிம்’ பாடினார், கச்சேரி மேடையெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டது, பின்னாளில் வடநாட்டு வித்வான்களும் அந்த ராகத்தை எடுத்துக்கொண்டார்கள். 108 ராகங்களையும் தாளங்களையும் கோத்து ஒரே ராகதாளமாலிகையாகவும் ராமசுவாமி தீட்சிதர் பாடி வைத்தார். அதில் ஒரு பகுதிதான் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகள் முதலியார் வீட்டாரோடு ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு கேட்டார்கள். முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் (பாட்டு வரிகள்) எழுதினார். தம்பி பாலுசுவாமி (1786–1859) அங்கே பார்த்த பிடிலைக் கற்றுக்கொண்டு ஸ்வரங்களை அசைத்து இழைக்கும் நம் கமகத்துக்கு வளைத்தார். பக்கவாத்தியமாக வயலின் இல்லாத ஒரு கச்சேரியை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா?

வர்ணம், ஹம்சத்வனியில் பிள்ளையார், பக்கத்தில் வயலின். டிசம்பரில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் முதல் அரை மணி நேரம் நாம் கேட்பதெல்லாம் இந்த வடசென்னை மண்ணில் வேர் விட்டது. சீசன் டிக்கெட்டுக்கு ஓடுகிற எத்தனை பேர் இங்கே ஒரு நடை வந்து போகிறார்கள்? இது என் ஆதங்கம், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒருவழியாகச் சந்நிதிக்குள் போனோம். கவசமில்லாத ஈசன். தைல வாசனை மூச்சில் நிறைந்தது. நின்றது சில நொடிதான், அதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு வடிவுடையாளிடம் போனேன். வள்ளலார் ‘வடிவுடை மாணிக்க மாலை’ பாடிச் சூட்டிய தாய் அவள். குப்பய்யர் பேரையும் ராமசுவாமி தீட்சிதர் பேரையும் சொல்லி அர்ச்சனை செய்யச் சொன்னேன். கோத்திரம் கேட்ட குருக்களிடம், “இந்த ஊர்ப் பாட்டுக்காரர்கள், சுவாமி” என்றேன். அவரும் மறுபேச்சில்லாமல் செய்து கொடுத்தார்.

சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த மகிழ மரத்தடியில் அந்தப் பாட்டியை மறுபடி பார்த்தேன். பேத்தி, என் பேனாவை வாங்கி உள்ளங்கையில் ‘தியாகய்யர்’ என்று எழுதிக்கொண்டாள், வீட்டுக்குப் போனதும் நோட்டில் ஏற்றவேண்டுமாம்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த மூன்று நாளும் கூட்டம் அதிகம், கொஞ்சம் பொறுமையோடு போங்கள். பாடத் தெரிந்தவர்கள் அம்மன் சந்நிதியில் ‘தாரினி’ பாடுவது வழக்கம்தான். அப்புறம் அப்படியே பேகடா வர்ணத்தில் நாலு வரியும் பாடிவிட்டு வாருங்கள்.