எந்தக் கருப்பு?

“எந்தக் கருப்பு தம்பி?”

டப்பிங் பேச வந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் நின்று, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டார். நான் உள்ளே இருப்பவரோடு பேசுகிற டாக்பேக் பட்டனை அழுத்தி, “இது நெப்ராஸ்கா கருப்புக்கா” என்றேன். கன்சோலில் இருந்த இன்ஜினியர் சிரித்தார். டப்பிங்கைக் கவனித்துக்கொள்ளும் இன்சார்ஜ் பையன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ பேப்பர் மேல் சிந்தியது. அக்கா சிரிக்கவில்லை. இன்னொரு காதையும் மூடிக்கொண்டு “போகலாம்” என்றார். ஒரே டேக்கில் ஓகே.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்த ஆங்கிலப் படத்துக்குத் தமிழில் நான் எழுதிய வேறு எந்த வசனமும் நினைவில் இல்லை.

படத்தின் பெயர் வேண்டாம். ஒரு மூன்றாம் பாகம். முதல் இரண்டு பாகங்களைத் தமிழில் யாரும் பார்த்திருக்கப் போவதில்லை என்பதால் முன்கதையைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. அமெரிக்கக் கிராமம், சோளக்காடு, பெரியவர்களைக் கொன்று போடும் பிள்ளைகள், அவர்களை ஏவிவிடும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இந்த வகையில் இதெல்லாம் ஏற்கெனவே போட்டு வைத்த தடம். ‘சில்ட்ரன் ஆஃப் தி கார்ன்’ வரிசைதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. ஸ்டீபன் கிங் 1977-இல் எழுதிய ஒரு சிறுகதை, 1984-இல் சின்னச் செலவில் ஒரு படமாகி, அதிலிருந்து இதுவரை மொத்தம் 11 படம். எழுதுவதற்கு முன் அவற்றில் ஆறு படங்களை வரிசையாகப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் பேசுகிற தொனி எனக்குப் பிடிபட வேண்டியிருந்தது. பைபிளின் பழைய ஏற்பாட்டைப் பாதி மனப்பாடம் செய்து, மீதியைத் தாங்களே இட்டுக்கட்டியதுபோல் பேசுவார்கள்.

ஒன்றை அப்போதுதான் கவனித்தேன். கதை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நடக்கிறது, ஆனால் முதல் படம் எடுத்தது அயோவாவில். இரண்டாவது வடக்கு கரோலினாவில். நவோமி வாட்ஸ் நடித்த நான்காவது டெக்சாஸில். கடைசியாக வந்ததை 2020-இல் ஆஸ்திரேலியாவில் போய் எடுத்திருக்கிறார்கள். எங்கே ஒரு வயல் சல்லிசாகக் கிடைக்கிறதோ அதுதான் நெப்ராஸ்கா. குறைந்த செலவுப் படத்துக்கு இதைவிட வசதி ஏது? செட் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், ஒரு பழைய சர்ச், நாலு அரிவாள், ஆளுயரப் பயிர். பேயைக் காட்டக்கூட வேண்டாம், பயிர் அசைந்தால் போதும். அந்த ஊர்க்காரர்கள் யாரும் “எங்களை ஏன்யா கொலைகாரர்களாக்குகிறீர்கள்” என்று கேட்டதாக நான் படித்ததில்லை. இதை நான் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வழக்கமாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல்.

நான் எழுதிய படத்தில் பிள்ளைகள் அந்தச் சக்தியைக் ‘கீப்பர்’ என்று கூப்பிடுவார்கள். மொத்தப் படத்தில் 40 தடவைக்கு மேல் வரும், பாதிக்கு மேல் முகத்துக்கு நேரே குளோஸ்-அப். டப்பிங் எழுதுகிறவனுக்கு அர்த்தத்தைவிட முதலில் கண்ணில் படுவது உதடு. ப, ம வரும் இடத்தில் உதடு ஒட்டும். ஒட்டும் இடத்தில் ஒட்டுகிற எழுத்தை வைக்காவிட்டால், பார்க்கிறவருக்கு ஏன் என்று தெரியாமலே உறுத்தும். ‘கீப்பர்’ நடுவில் நன்றாக ஒட்டிப் பிரிகிறது.

முதலில் ‘காவலர்’ என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. “காவலர் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருக்கார்” என்று ஒரு எட்டு வயதுப் பையன் சொன்னால், முக்குக்கு முக்கு நிற்கும் போலீஸ்காரர்தான் ஞாபகம் வருவார். ‘காவல்காரர்’ என்றால் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். ‘காப்பவர்’ உதட்டுக்குச் சரிதான், ஆனால் பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டு மாதிரி இருந்தது. ‘காவல் தெய்வம்’ அர்த்தத்துக்கு அப்படியே பொருந்தியது, ஆனால் நீளம். பையன் வாயை மூடி அரை விநாடி கழித்தும் ‘தெய்வம்’ ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம், தண்ணீர் குடிக்க எழுந்தபோது வந்தது. கருப்பர். க, ப்ப, ர். கீப்பர், கருப்பர். தொடக்கமும் அதே, நடுவில் ஒட்டுவதும் அதே, முடிவும் அதே. அர்த்தமும் காவல் தெய்வம். இருபது வருஷத்தில் இப்படி ஒரு சொல் எனக்கு இரண்டு மூன்று தடவைதான் கிடைத்திருக்கிறது. மடிக்கணினியில் ‘மாற்றுக எல்லாம்’ என்று ஒரே அமுக்கு. எல்லா இடமும் மாறியது.

இன்சார்ஜ் சொல்லித்தான் அப்படி வைத்தேன் என்று நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மை இல்லை. அந்தப் பையன் கேட்டது வேறு. பிள்ளைகள் எல்லாரும் மதுரைப் பேச்சு பேசட்டும் சார், ஊர்ப்புறம் என்றால் ஜனங்களுக்கு அதுதான் சட்டென்று பிடிக்கும் என்றான். நான் பிடிவாதமாக மறுத்தேன். நெப்ராஸ்காக்காரனை ஏன்டா மேலூருக்குக் கொண்டுவருகிறாய் என்று ஒரு மணிநேரம் வாதாடி ஜெயித்தேன். பேச்சைக் காப்பாற்றிவிட்டு, மறுநாள் நானே சாமியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். “சூப்பர் சார், லிப் பக்கா!”

அக்கா மேலூர்ப் பக்கம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பையன்களுக்குக் குரல் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்த எட்டு வயதுப் பையனுக்கும், கூட இருந்த இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர்தான். (1984 படத்தில் சிறுவன் ஐசக்காக வந்த ஜான் ஃபிராங்க்ளினுக்கு அப்போது வயது இருபதைத் தாண்டியிருந்தது. இந்த வகைப் படங்களில் பிள்ளைகள் பிள்ளைகளாக இருப்பதே அபூர்வம்.) எங்களுக்கு வந்த இசையும் சத்தமும் மட்டுமான ட்ராக்கில், வயலுக்கு நடுவில் பிள்ளைகள் கூடி ஓதும் குரல் விடுபட்டிருந்தது. நாலு பேரை நிற்க வைத்து, எட்டுத் தடவை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். அக்காதான் முன்குரல். “கருப்பரே” என்று அவர் இழுத்த இழுப்பு அமெரிக்கச் சர்ச்சுக்கு உரியதல்ல. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உடம்பு சிலிர்த்தது, “அருமைக்கா” என்றேன்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது இதற்கு அடுத்த நாள். பையன் கையில் அரிவாளோடு அப்பாவின் கட்டிலருகே நின்று “கீப்பர் உன்னைக் கேட்கிறார்” என்று சொல்லும் காட்சி.

அந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, தொழில் கேள்வி. பதினெட்டாம்படிக் கருப்பு வேறு, சங்கிலிக் கருப்பு வேறு, எல்லையில் குதிரையோடு நிற்கிறவர் வேறு. ஒருவருக்குக் குரல் அடங்கி வரும், இன்னொருவருக்குப் பீறிட்டு வரும். எந்தத் தொனியில் பேச வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு இருமலுக்குக்கூட “எந்த இருமல்? சளியா, சமாளிப்பா?” என்று கேட்கிறவர். அப்படியென்றால் ஒரு கலைஞர் கேட்ட நியாயமான கேள்விக்கு நான் ஜோக் அடித்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்று, உண்மையாகவே கேட்டது. எங்கள் சாமியில் எதைக் கொண்டுபோய் இந்தப் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறாய் என்று.

எது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கண்ணாடியில் கன்சோல் விளக்குகளின் நிழல் விழுந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் என்று ஒரு சமயம் தோன்றும். அப்புறம்தான் நினைவு வரும், அந்த அறைக்குள் எல்லாருமே செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போவோம்.

என் பக்கத்துக்கும் சொல்ல உண்டு. என் அம்மா வழியில் கருப்புதான் குலசாமி. கிடா வெட்டு, சுருட்டு, சாராயப் படையல் எல்லாம் பார்த்து வளர்ந்தவன். வெளியிலிருந்து வந்து எதையும் எடுத்துவிடவில்லை. நம் படங்களிலேயே சாமியாடியை வில்லனாக்கியதில்லையா, அரிவாளைக் காட்டாத கிராமம் உண்டா? தவிர, ராத்திரி ஒளிபரப்பாகும் ஒரு டப்பிங் படத்தை யார் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் குலசாமி என்று சொல்லிக்கொள்கிற நான் அந்தக் கோயிலுக்குப் போய் 11 வருஷம் ஆகிறது. வில்லனாகும் சாமியாடி ஒரு மனிதன். நான் மாற்றியது சாமியையே. அந்த அமெரிக்கர்கள் கேலி செய்தது அவர்களுடைய தேவாலயத்தை, அவர்களுடைய பிரசங்கியை. பழைய ஏற்பாட்டில் மகனைப் பலியிடப் போகும் ஆபிரகாமின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்தப் பயம் வீட்டுக்குள் இருக்கும் பயம். கருப்பு யாரிடமும் பிள்ளையைவிட்டு அப்பாவைக் கேட்டதில்லை. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதி என்பது சாத்திய கதவுதான், சந்தனம் பூசிய கதவு. கடன், களவு, எல்லைத் தகராறு என்று வந்தால் அதன் முன்னால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்க்காரன் பாதி வழியிலேயே திரும்பிவிடுவான் என்பார் என் தாத்தா.

இதையெல்லாம் யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன், இனிமேல் நம் சாமி பெயரை எதற்கும் எடுப்பதில்லை என்று. போன மாதம் வந்த ஒரு பேய்ப் படத்தில் ‘மதர்’ என்று ஒன்று. உதடு முதலிலேயே ஒட்டுகிறது. ‘மாரி’ என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி, இன்சார்ஜ் பார்க்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

கருப்பர் படம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ஒளிபரப்பாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா போன் செய்தார். நலம் விசாரித்தார், பேத்திக்குக் காது குத்தியதைச் சொன்னார். பின்னால் ஆட்டுக் கத்தல் கேட்டது, ஊரில் இருந்தார் போல.

“தம்பி, அந்தப் பிள்ளைங்க படம் எப்ப போடுறாங்க? என் குரலக் கேக்கணும்னு இங்க எல்லாரும் சொல்லிக்கிட்டிருக்காக.”

“தெரியலக்கா” என்றேன். “இன்னும் தேதி சொல்லல.”