வீட்டோடு ஒட்டிய கராஜும் கார்பன் மோனாக்சைடும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், குளிர்காலக் காலைகளில் கராஜுக்குள்ளேயே காரை இயக்கிச் சூடேற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. 'வெளிக்கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறோம்' என்ற அவர்களது நம்பிக்கைதான் என்னை அதிகம் கவலைகொள்ள வைக்கிறது. குளிர்ந்த என்ஜின் எரிபொருளை முழுமையாக எரிப்பதில்லை, புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியும் சூடேறும் வரை சரிவர இயங்குவதில்லை என்பதால், முதல் சில நிமிடங்களில்தான் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மிகுதியாக வெளியேறுகிறது. வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலெழுந்து மாடி வழியே கசிந்து வெளியேறும்போது, அதை ஈடுசெய்யக் கீழ்த்தளம் கராஜின் காற்றைக் கதவிடுக்குகள் வழியாகவும், சுவரில் குழாய்கள் நுழையும் துளைகள் வழியாகவும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. காரை வெளியே எடுத்த பின்னரும் எஞ்சிய வாயு கசிந்துகொண்டுதான் இருக்கும்.

நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவுடன் பற்றிக்கொள்கிறது. தலைவலியும் குமட்டலும் வந்தால், குளிர்காலத்தில் அதைச் சளிக்காய்ச்சல் என்றே எவரும் எண்ணிவிடுவார்கள்.

கராஜ் ஒட்டிய வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே இவ்வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டம். காரை வெளியே நிறுத்தி, வீட்டுக்குள் செல்லும் கதவை இறுக மூடிய பிறகே சூடேற்றுங்கள். கருவியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் தயவுசெய்து இன்றே பார்த்துவிடுங்கள்.