இன்னும் எர்த்பவுண்டுதான்

எத்தனை புது வீடியோ கேம் வந்தாலும் எனக்கு நிண்டெண்டோவின் எர்த்பவுண்டுக்கு ஈடில்லை. 1994-இல் ஜப்பானில் 'மதர் 2' என்ற பெயரில் வந்தது. வாள், கோட்டை, இளவரசி எதுவும் வேண்டாம் என்று தொப்பி போட்ட ஒரு பையன் கையில் பேஸ்பால் மட்டையைக் கொடுத்து உலகத்தைக் காப்பாற்ற அனுப்பிவிட்டார் அதை உருவாக்கிய ஷிகேசாதோ இதோயி. என்ன ஒரு துணிச்சல்!

சண்டையில் ஜெயித்தால் அந்தப் பையனின் அப்பா பேங்கில் காசு போடுவார், ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்பாவைக் கடைசிவரை பார்க்க முடியாது, போனில் குரல் மட்டும்தான். மலேசியாவில் எங்கள் குளுவாங் தோட்டப் பக்கம் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வீடுகள் நிறைய. என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். அதனால் அந்தப் போன் மணி எனக்கு வெறும் விளையாட்டுச் சத்தமில்லை.

அப்புறம் அந்த வீட்டு ஏக்கம். திடீரென்று பையனுக்கு வீட்டு ஞாபகம் வந்து சண்டைக்கு நடுவில் சும்மா நின்றுவிடுவான். மருந்து மாத்திரை கேட்காது. அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினால்தான் சரியாகும். தொடக்கத்திலேயே உங்களுக்குப் பிடித்த சாப்பாடு என்னவென்று கேட்பார்கள், நான் தோசை என்று அடித்தேன். வீட்டுக்குப் போனால் அம்மா அதைத்தான் செய்து வைத்திருக்கிறார்!

2022 முதல் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கான சந்தா சேவையான ஸ்விட்ச் ஆன்லைனிலும் இருக்கிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடிப் பாருங்கள்.