கட்டையின் நடுவில் 56 டிகிரி

மணலி புதுநகர் பக்கம், ஏற்றுமதிச் சரக்கை அடுக்கும் மரத் தட்டான பேலட் செய்யும் யார்டு ஒன்றில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஆசாரிகள் அடித்து முடித்ததை ஹீட் சேம்பரில் அடுக்கி, சூடேற்றி, முத்திரை குத்துவது என் வேலை. கதிர் போட்ட ஐபிபிசி (சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம்) சின்னம், நாட்டுக்குறி, பதிவெண், கடைசியில் ‘எச்டி’. சூடு காட்டிய மரம் என்று பொருள்.

மரத்துக்குள் இருக்கும் புழு சாக, கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸை எட்டி, 30 நிமிடம் விடாமல் அதில் நிற்க வேண்டும். இவ்வளவுதான் விதி. ஆனால் உலை கொதித்துவிட்டால் அரிசி வெந்துவிட்டதாகுமா? அறைக்குள் அனல் பறக்கும்போதும் தடித்த கட்டையின் உள்ளே வெதுவெதுப்புதான் இருக்கும். புழு இருப்பது அங்கே. அதனால் இருப்பதிலேயே கனமான கட்டையில் துளை போட்டு, சென்சார் கம்பியை நடுவரை செருகி, துளை வாயை மக்கு (புட்டி) வைத்து அடைக்க வேண்டும்.

சேர்ந்த முதல் வருடம் ஒரு ராத்திரி. டிரெய்லர் வாசலில் நிற்கிறது, “காட்டுப்பள்ளி துறைமுக கேட் மூடிடும்பா” என்று போன் மேல் போன். சார்ட்டில் 56 காட்டியது, அரை மணியும் ஓடியது. குத்தி அனுப்பிவிட்டேன். விடிந்து சேம்பரைக் கூட்டும்போது பார்த்தால், காய்ந்த மக்குக் கட்டி தரையில் கிடக்கிறது. கம்பி பாதி வெளியே நழுவி, சூடான காற்றைத்தான் அளந்திருக்கிறது. மேலதிகாரிகளிடம் சொன்னேன். “சார்ட் சரியா இருக்குல்ல, விடு” என்றார்கள். விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகு ஒரு பயிற்சி வகுப்பில்தான் விளங்கியது. மரகதப் பச்சையில் மின்னும், அரை அங்குலம்கூட நீளமில்லாத ஒரு வண்டின் படம் காட்டினார்கள். ஆசியாவிலிருந்து பேக்கிங் மரத்தில் போயிருக்கலாம் என்று கருதப்படும் அது, 2002ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு ஆஷ் என்ற மரத்தின் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து குடைந்து போகும். தண்ணீரும் சத்தும் ஓடும் வழி அறுந்து, நிற்கிற மரம் சில வருடங்களில் பட்டுவிடும். ஆசியாவின் ஆஷ் மரங்களுக்கு அதோடு பழகிய எதிர்ப்பு உண்டு. அமெரிக்கக் காட்டின் ஆஷ் மரங்களுக்கு இல்லை, கோடிக்கணக்கில் செத்தன. கறுப்பு ஆஷ் மரத்தின் நாரில் தலைமுறை தலைமுறையாகக் கூடை முடையும் பழங்குடிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

நமக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை. மீஞ்சூரில் அம்மா வீட்டு வேலியில் கல்யாண முருங்கை நின்றது. சளி பிடித்தால் அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை தட்டுவாள். ஒரு வருடம் காம்பெல்லாம் கழலைபோல வீங்கி, இலை சுருண்டு கொட்டியது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவியின் வேலை, ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பியது. அதே குளவி 2005ல் ஹவாய்க்குப் போய், அந்தத் தீவுக் காட்டுக்கே சொந்தமான விலிவிலி மரங்களைத் தாக்கியது. கல்யாண முருங்கையின் சொந்தக்கார மரம்தான் அதுவும். அந்தக் குளவியின் புழுக்களைத் தன் புழுக்களுக்கு இரையாக்கும் இன்னொரு குளவியைத் தான்சானியாவிலிருந்து கொண்டுபோய் 2008ல் விட்ட பிறகே அவை தேறின. அம்மாவின் மரம் தேறவில்லை.

போன மாதம் 18வது நிமிடத்தில் கரண்ட் போனது, கட்டையும் 56க்குக் கீழே இறங்கிவிட்டது. ஜெனரேட்டர் வந்ததும் டிரைவர் அண்ணன், “மீதி 12 நிமிஷம்தானே தம்பி?” என்றார். “இல்லண்ணா, மறுபடி முதல்லேர்ந்து முப்பது” என்று டீ வாங்கிக் கொடுத்தேன். கம்பியை இழுத்துப் பார்த்தேன். மக்கு கெட்டியாகப் பிடித்திருந்தது.