அம்மாவின் கேசட்டும் அப்பாவின் குரலும்

ஜனவரி 12

அலமாரியின் அடித்தட்டில் அம்மா பாடிய கேசட் அகப்பட்டது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா வீட்டிலேயே பதிவு செய்தது. நாடாவை, அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்திருந்தது. அண்ணன் வேறொரு கேசட்டின் திருகுகளைக் கழற்றி, நாடாவை இரண்டு சக்கரங்களோடும் அலுங்காமல் தூக்கி அதற்குள் மாற்றினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஜனவரி 14

ஓடியது! தாலாட்டு. நடுவில் நான் வீறிட்டு அழுகிறேன். அம்மா அடுத்த அடிக்குப் போகாமல் பாடிய அடியையே திரும்பப் பாடுகிறாள். ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் தணிகிறது, தாளம் இழுபடுகிறது. நான் அடங்கிய பிறகுதான் அடுத்த அடி. நேரில் பாடுபவர் கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பாடுகிறார். வீட்டுப் பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஜனவரி 20

ஒலிப்பதிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. மகள் வயலினில் ஒரு கடினமான இடத்தை போனில் பாதி வேகத்தில் வைத்துக் கேட்டே பிடித்துவிட்டாள். நாடாவை மெதுவாக ஓட்டினால் சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும். இப்போதைய செயலிகள் சுருதியை விடாமல் வேகத்தை மட்டும் குறைக்கின்றன. எந்த ஆசிரியரும் ஒரே சங்கதியை அத்தனை தடவை சலிக்காமல் வாசித்துக் காட்ட மாட்டார்.

ஜனவரி 27

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசா 1906-லேயே கவலைப்பட்டு எழுதினார்: இசை இயந்திரங்கள் வந்துவிட்டால் வீட்டில் யாரும் பாட மாட்டார்கள், குழந்தையையும் இயந்திரமே தூங்க வைக்கும் என்று. முழுக்க அப்படி ஆகவில்லை. வானொலியும் ரெக்கார்டும் கூடத்தில் இருந்தவரை வீடே சேர்ந்து கேட்டது, கூடவே முணுமுணுத்தது. என் கவலை எல்லாம் ஹெட்போன் மேல்தான். 1979-இல் வந்த முதல் வாக்மேனில், அதாவது கையோடு கொண்டுபோகும் கேசட் பிளேயரில், இரண்டு பேர் கேட்க ஹெட்போன் செருக இரண்டு ஜாக் வைத்திருந்தார்கள். அந்த எண்ணம் நிலைக்கவில்லையே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம். இன்று ஒரே சோபாவில் நாலு பேர், நாலு பாட்டு.

பிப்ரவரி 3

அம்மா குரலோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்றாள் மகள். பழைய நாடா கொஞ்சம் வேகமாக ஓடுகிறது போலும். குரல் இரண்டு சுருதிக் கட்டைகளுக்கு நடுவில் நின்றது. தந்திகளை முறுக்கும் பிரடைகளை மெல்லத் திருகி, பார்த்தே இராத பாட்டியின் சுருதிக்கு வயலினைக் கொண்டுவந்தாள். ஆனால் அவள் ஓர் இடத்தில் தடுமாறியபோது பதிவு நிற்காமல் போய்விட்டது. அப்பா அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, தானே அந்த அடியை எடுத்தார். அவள் தடுமாறிய இடத்தில் நின்று, வில் வந்து சேர்ந்த பிறகு மேலே போனார்.

பிப்ரவரி 4

கேசட்டை டபிள்யூ.ஏ.வி. கோப்பாக மாற்றியாயிற்று. எம்.பி.3 கோப்பின் அளவைக் குறைக்க ஒலியில் கொஞ்சத்தைக் கழித்துவிடும். அம்மா குரலில் எதையும் கழிக்க எனக்கு மனமில்லை. அண்ணனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

அம்மா பாடிய இன்னொரு பாட்டு எந்தப் பதிவிலும் இல்லை. முதல் அடிகள் அப்பாவுக்குத் தெரியும், கடைசி அண்ணனுக்கு. நடுவில் உள்ளதை ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பாடிப் பார்க்கப் போகிறோம்.